மூட்டைக்குள் கிளிங்கரைக் குறைப்பது எப்படி: ஆலை லேபிலிருந்து வீட்டு மாடி வரை

1989-ல் அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சோதனை மிக எளிது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து அரைத்த மாவை ரா மீல் என்போம். அதில் ஒரு கிராம் எடுத்து க்ரூசிபிள் என்ற சின்னக் கிண்ணத்தில் போட்டு, ஆயிரம் டிகிரி சூட்டில் உலைக்குள் வைத்து, ஆறவிட்டு மறுபடி எடை பார்க்க வேண்டும். தராசு 0.65 என்று காட்டும். மீதி 0.35 கிராம் எங்கே போனது என்று கேட்டேன். "காத்துல போச்சும்மா, நோட்ல எழுதுங்க" என்றார் சீனியர். ஓய்வு பெறும் வரை அந்த எண்ணை நாள்தோறும் எழுதினேன். காற்றில் போன அந்த 0.35 கிராமைக் குறைக்க ஆலைக்காரர்கள் என்ன செய்யலாம், வீடு கட்டுகிறவர்கள் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுதான். கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கும் அது, 900 டிகிரி வாக்கில் சூடேற்றினால் பிரிந்து புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். மிஞ்சும் சுண்ணாம்பு 1450 டிகிரியில் களிமண்ணோடு சேர்ந்து கோலிக்குண்டு மாதிரி உருளும் கருங்கட்டிதான் கிளிங்கர். அதை ஜிப்சத்தோடு அரைத்தால் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கர் செய்யும்போது கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்குச் சற்று மேல் கரியமில வாயு வருகிறது. எரிக்கும் நிலக்கரி, பெட்கோக் என்ற பெட்ரோலியக் கரி கணக்கில் இன்னும் 0.3 டன். ஆக மொத்தம் 0.85 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்ட்டிலிருந்து வருவதற்கு இதுதான் காரணம்.

இதில் ஒரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கரியே போடாமல், காற்றாலை மின்சாரத்தாலேயே சூளையைச் சூடேற்றினாலும் கல் விடும் வாயு நிற்காது. எரிபொருளை மாற்றுவது நல்லதுதான், ஆனால் பாதிக் கதைகூட ஆகாது. கிளிங்கரைக் குறைத்தால்தான் கணக்கு நிஜமாகவே இறங்கும்.

நான் பிறந்தது சுரங்கத்தை ஒட்டிய ஊர். அப்பாவின் பருத்திக் கொல்லையில் இலைமேல் வெள்ளையாகப் படியும். கொடியில் காயும் துணியை அம்மா இரண்டு தரம் உதறித்தான் மடிப்பார். எங்களுக்கு மாசு என்றால் அந்தப் புழுதிதான். இப்போது பை வடிகட்டிகள் வந்துவிட்டன. புகைபோக்கிக்குத் துகள் அளவு ஒரு கன மீட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பும் வந்துவிட்டது. வடிகட்டியை ஒழுங்காகப் பராமரித்தால் புழுதி அடங்கும். கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் பற்றித்தான் அப்போது யாரும் பேசவில்லை.

ஆலைக்குள் இருப்பவர்களுக்கு

புதிதாகச் சேரும் ஷிப்ட் இன்ஜினியர்கள் பெரிய இயந்திரங்களைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் அவர்களை ஃப்ரீ லைம் நோட்டுக்கு அழைத்துப் போவேன்.

ஃப்ரீ லைம் என்பது கில்னுக்குள், அதாவது சூளைக்குள், எதோடும் சேராமல் தனித்து நின்றுவிட்ட சுண்ணாம்பு. அது அதிகமானால் பிற்பாடு கான்கிரீட்டுக்குள் உப்பி விரிசல் விடும். அதனால் எல்லோருக்கும் அதைக் கண்டு பயம். எங்கள் ஆலையில் 0.6 சதவீதம் என்று ரிசல்ட் வந்தால் கண்ட்ரோல் ரூமில் நிம்மதியாக டீ குடிப்பார்கள். 1.4 வந்தால் உடனே கரியைக் கூட்டுவார்கள். ஆனால் 0.6 என்பது நல்ல செய்தி இல்லை. தேவைக்கு மேல் எரித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கரி வீணாகும், கில்ன் உள்ளே பதித்த செங்கல் சீக்கிரம் தேயும், கிளிங்கர் கருங்கல் மாதிரி இறுகி சிமெண்ட் மில்லில் அரைபட மறுக்கும். அரைக்கக் கூடுதல் மின்சாரம் வேறு. ஒரே தவறுக்கு மூன்று இடத்தில் அபராதம் கட்டுகிறோம். 1 முதல் 1.5 வரைக்கும் இலக்கு வைத்தால் போதும்.

அப்படியென்றால் ஏன் அதிகமாக எரிக்கிறார்கள்? சூளைத் தீயைக் கவனிக்கும் ஆளைப் பர்னர் என்போம், அவர்மேல் பழி போடாதீர்கள். ரா மீல் மணிக்கு மணி மாறினால் மோசமான மணிக்குத் தகுந்தாற்போல்தான் அவர் சூடு வைப்பார். எங்கள் சீனியர் பர்னர் நீலக் கண்ணாடி வழியாகத் தீயைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுகிறவர். அவர் ஒருநாள் லேப் வாசலில் வந்து நின்று, "கல்லை ஒரே மாதிரி குடுங்கம்மா, கரியை நான் கொறைச்சுக் காட்டுறேன்" என்றார். அதிலிருந்து நான் செய்தது இதுதான். சுரங்கத்தில் வெடிக்குத் துளை போடும்போது வெளிவரும் தூளைத் துளைவாரியாக வாங்கிச் சோதித்தேன். கல் வெட்டும் எந்த முகப்பிலிருந்து எத்தனை லாரி, எதோடு எது கலக்க வேண்டும் என்று காலையிலேயே சுரங்கப் பொறுப்பாளருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அரியலூர்க் கல் ஒரு காலத்தில் கடலடி. கிளிஞ்சல் செறிந்த அடுக்கும் களிமண் கலந்த அடுக்கும் மாறி மாறி வரும். பத்தடி தள்ளினால் கல்லின் குணமே வேறு. அதைக் குவியலில் பரப்பிக் குறுக்காக அள்ளிக் கலக்காவிட்டால் அந்த ஏற்ற இறக்கம் நேராகக் கில்னுக்குள் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும். இரவு ஷிப்டில் 3 மணி சாம்பிளை எடுக்காமல், 2 மணி சாம்பிளையே இரண்டாகப் பிரித்துப் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் எங்களிடம் இருந்தது. அடுத்தடுத்த இரண்டு ரிசல்ட் இரண்டாம் தசமம் வரை ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சாம்பிள் எடுக்கும் பையனைத் திட்டாதீர்கள். சாம்பிள் எடுக்கும் இடத்துக்கு விளக்கு இருக்கிறதா, ஏணிப்படி உடையாமல் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். எங்கள் ஆலையில் விளக்கு இல்லை. விளக்கு போட்ட பிறகு சாம்பிள் சரியாக வந்தது.

அடுத்தது காற்றுக் கசிவு. கில்னுக்குள் போகும் முன் மாவைச் சூடேற்றும் ப்ரீஹீட்டர் கோபுரத்துக்குள் உறிஞ்சும் அழுத்தம் இருப்பதால் எங்கே ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். அந்தக் குளிர்ந்த காற்றைச் சூடேற்றக் கரி, இழுத்துத் தள்ள விசிறிக்கு மின்சாரம். கில்ன் நுழைவாயிலிலும் ப்ரீஹீட்டர் வெளிவாயிலிலும் ஆக்சிஜன் அளந்து பாருங்கள். வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் இடையில் ஓட்டை இருக்கிறது. ஒரு காகிதத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுங்கள். கதவுகள், கம்பி விட்டுக் குத்தும் துளைகள், ஃபிளாஞ்ச் இணைப்புகள் இவற்றின் பக்கத்தில் காகிதம் உள்ளே இழுபட்டால் சாக்பீஸால் குறி போடுங்கள். அடைக்கக் கயிறும் களிமண்ணும் போதும். ஒரு கிலோ கிளிங்கருக்கு 700 கிலோ கலோரி வாக்கில் ஓட்டும் கில்ன் நல்ல கில்ன். உங்களுடையது 750-ஐத் தாண்டினால் புது இயந்திரம் கேட்பதற்கு முன்னால் இந்தக் காகிதத் துண்டு வேலையைச் செய்யுங்கள்.

வீணாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம், செங்குத்து ரோலர் மில், சொந்தக் காற்றாலை, சூரியத் தகடு எல்லாம் நல்லவை. பணம் இருந்தால் செய்யுங்கள். அவற்றைப் பற்றி விற்பனையாளர்களே நிறையச் சொல்வார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

குப்பையை எரிக்கும் முன்

ஊர்க் குப்பையிலிருந்து பிரித்த பிளாஸ்டிக், துணி, காகிதம் இவற்றை ஆர்.டி.எஃப். என்று கட்டி அனுப்புகிறார்கள். அத்தகைய நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகள் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதம் அதையே பயன்படுத்த வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லின. நான் இதை ஆதரிக்கிறேன். குப்பைமேட்டில் எரியும் பிளாஸ்டிக்கும் கில்னில் எரியும் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. கில்னில் தீயின் சூடு 2000 டிகிரியைத் தொடும். அமில வாயுக்களைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். சாம்பல்கூட மிஞ்சாமல் கிளிங்கரோடு சேர்ந்துவிடும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு ஐப்பசி மழையில் நனைந்த லோடுகள் வந்தன. உள்ளே பி.வி.சி. குழாய்த் துண்டு, ஒயர் உறை, செருப்பு. லேபுக்குச் சாம்பிள் வரவில்லை, டன் கணக்கு எட்ட வேண்டும் என்ற அவசரம். சில நாளில் ப்ரீஹீட்டரின் கீழ்ச் சைக்ளோன், அதாவது மாவு இறங்கும் கூம்பு, அடைத்துக்கொண்டது. பி.வி.சி.யில் இருக்கும் குளோரின், மாவில் உள்ள பொட்டாசியம், சோடியத்தோடு சேர்ந்து எரியும் இடத்தில் ஆவியாகி, மேலே வந்து குளிர்ந்து பசை மாதிரி ஒட்டும். மறுபடி கீழே போய் மறுபடி ஆவியாகும். அப்படியே சுற்றிச் சுற்றிச் சேர்ந்துகொண்டே இருக்கும். அடைப்பைக் கம்பியால் குத்தியபோது 800 டிகிரி மாவு பாய்ந்து ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் இரண்டு கையும் வெந்துபோனது. அவருக்கு அப்போது பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அதனால், லாரி எடை மேடையில் நிற்கும்போதே சாம்பிள் எடுங்கள். குளோரின் 1 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதலில் கூரைக்குக் கீழே காயவையுங்கள். தண்ணீரை ஆவியாக்கக் கரி எரித்தால் குப்பை போட்டதன் பயனே போய்விடும். கீழ்ச் சைக்ளோனில் இறங்கும் சூடான மாவின் குளோரினை ஷிப்டுக்கு ஒரு தரம் பாருங்கள். 1 சதவீதத்தை நெருங்கினால் ஆர்.டி.எஃப். அளவைக் குறையுங்கள். அடைப்பு எடுக்க வேண்டி வந்தால் முழு உடைக் கவசம் இல்லாமல் யாரும் அந்த மாடிக்கு ஏறக் கூடாது, கீழே ஒருவர்கூட நிற்கக் கூடாது. உள்ளூரில் கிடைக்கும் முந்திரித் தோடு, உமி, சீமைக்கருவேல் சில்லு ஆகியவற்றையும் பாருங்கள். குளோரின் அளவு மட்டும் இவற்றிலும் சோதித்தே ஆக வேண்டும்.

கிளிங்கருக்குப் பதில் எது

இதுதான் கனத்த பகுதி. கில்னில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் பத்துப் பதினைந்து சதவீதம்தான் மிச்சமாகும். மூட்டைக்குள் கிளிங்கருக்குப் பதில் வேறொன்றைப் போட்டால் ஒரே அடியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

அனல் மின்நிலையச் சாம்பல் முதல் தேர்வு. ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தரப்படி, பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமெண்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் போடலாம். குளத்தில் கொட்டிக் கிடக்கும் ஈரச் சாம்பல் வேண்டாம். மின்நிலையத்தின் சாம்பல் பிடிக்கும் கருவியிலிருந்து உலர்ந்தபடி வருவதை வாங்க வேண்டும். எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. பழுப்பு நிலக்கரி எரியும் நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல், மேட்டூர்ச் சாம்பலில் குறைவு. ஆகவே ஒரு இடத்துச் சாம்பலுக்குப் போட்ட கணக்கை இன்னொன்றுக்கு அப்படியே போடாதீர்கள். எரியாத கரி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் லோடுக்கு லோடு பாருங்கள்.

அடுத்தது இரும்பாலைக் கசடு, ஸ்லாக். உருகிய கசடைத் தண்ணீரில் பாய்ச்சித் திடீரென்று குளிரவைத்தால் கண்ணாடி மணல் மாதிரி ஆகும். ஐ.எஸ். 455 படி 25 முதல் 70 சதவீதம் வரை அதைச் சேர்க்கலாம். உப்புக்காற்று அடிக்கும் நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் கட்டுகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இந்தச் சிமெண்ட்தான். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிப்பதை அது தாமதப்படுத்தும். சாம்பலும் ஸ்லாகும் இரண்டும் கலந்த சிமெண்ட்டுக்கு ஐ.எஸ். 16415 என்று தனித் தரம் 2015-ல் வந்தது.

சரி, நாளைக்கு அனல் மின்நிலையங்கள் குறைந்தால் சாம்பலுக்கு எங்கே போவது? இந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எல்சி3 என்கிறார்கள். பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மீதி ஜிப்சம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துப் பேராசிரியர் கேரன் ஸ்கிரீவனர், கியூபாவின் பெர்னாண்டோ மார்ட்டிரேனா, இவர்களோடு டெல்லி ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்த விஷயம் இது. களிமண்ணைச் சுட 800 டிகிரி வாக்கில் சூடு போதும். சுடும்போது அதிலிருந்து நீராவிதான் வரும், கரியமில வாயு வராது. வழக்கமான சிமெண்ட்டோடு ஒப்பிட்டால் 30 முதல் 40 சதவீதம் வரை கரியமில வாயு குறையும். 2023-ல் இதற்கு ஐ.எஸ். 18189 என்ற இந்தியத் தரமும் வந்துவிட்டது.

சுட்ட களிமண் நமக்குப் புதிதா என்ன? செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு கலப்பதைச் சுர்க்கி என்று நம் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். அதே வேதியியலை அளந்து, சோதித்து, மூட்டைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். எந்தக் களிமண்ணும் ஆகாது, கயோலின் என்ற வெள்ளைக் களிமண் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். பீங்கானுக்குத் தேறாது என்று ஒதுக்கும் களிமண்கூட இதற்குத் தேறும். ஆலை வைத்திருப்பவர்கள் தங்கள் சுரங்கத்தின் மேல்மண்ணை முதலில் சோதித்துப் பார்க்கட்டும். வீட்டில் செங்கல்லை இடித்து சிமெண்ட்டில் கலந்துவிடலாம் என்று மட்டும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். சுட்ட சூடு தெரியாத பொடியை நம்பிக் கூரை போடக் கூடாது.

கல் விடும் வாயுவையே பிடித்துப் பூமிக்கடியில் அனுப்பும் ஆலையும் வந்துவிட்டது. நார்வேயின் பிரெவிக்கில் 2025-ல் திறந்தார்கள், வருடத்துக்கு 4 லட்சம் டன் பிடிக்கும். செலவு மிக அதிகம். நம் பக்கத்தில் அது வரும்வரை கிளிங்கரைக் குறைப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது.

வீடு கட்டுகிறவர்களுக்கு

போன வருடம் என் தம்பி மகன் ஜெயங்கொண்டத்தில் ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டினான். "அத்தை, சிமெண்ட் நீங்க பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டான். மேஸ்திரி முதல் நாளே, "53 கிரேடு ஓ.பி.சி. எறக்கிடுங்கம்மா, பி.பி.சி. சீக்கிரம் இறுகாது" என்றார். பிடிவாதம் பிடிக்காமல் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஓ.பி.சி. என்பது சாம்பலோ ஸ்லாகோ கலக்காத வழக்கமான சிமெண்ட். அதன் மூட்டை 50 கிலோவில் கிளிங்கர் 47 கிலோ வாக்கில் இருக்கும். அதன் கரியமில வாயு சுமார் 40 கிலோ. சாம்பல் கலந்த பி.பி.சி. மூட்டைக்குச் சுமார் 26 கிலோ. ஸ்லாக் பாதிக்கு மேல் இருக்கும் சிமெண்ட் என்றால் இருபது கிலோவுக்கும் குறைவு. ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை என்பது மேஸ்திரிகளின் கைக்கணக்கு. ஓ.பி.சி.யை விட்டு பி.பி.சி.க்கு வந்தால் இந்த ஒரு வீட்டிலேயே ஐந்தரை டன் கரியமில வாயு மிச்சம். காசும் கூடாது, பெரும்பாலும் மூட்டைக்குச் சில ரூபாய் குறையத்தான் செய்யும்.

மேஸ்திரி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பி.பி.சி. முதல் வாரத்தில் மெதுவாகத்தான் வலுவேறும், பிறகு எட்டிப் பிடித்து ஓ.பி.சி.யையும் தாண்டும். அதனால் இரண்டு விஷயத்தை மாற்ற வேண்டும். சென்ட்ரிங் பிரிக்கும் நாள் ஒன்று. சாதாரண அகல அறைக்கு ஓ.பி.சி. என்றால் ஏழாம் நாள் முட்டு எடுப்பார்கள், பி.பி.சி.க்குப் பத்து நாள் விடுங்கள். இன்னொன்று தண்ணீர் விடுவது. நம் வெயிலுக்குக் கலப்பு சிமெண்ட் கான்கிரீட்டை 14 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். காலையும் மாலையும் ஹோஸ் பைப்பால் தெளிப்பது இதற்குக் கணக்காகாது, நடுப்பகலில் உலர்ந்துவிடும். கூரைமேல் சிமெண்ட் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூண்களுக்கு ஈரச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். சாம்பல், சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்துதான் வலுவாகிறது. ஈரம் காய்ந்தால் அந்தச் சாம்பல் சும்மா கிடக்கும் தூள்தான்.

மூட்டையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். விளம்பரப் பெயரை விடுங்கள், ஐ.எஸ். எண்ணைப் பாருங்கள். 269 என்றால் ஓ.பி.சி., 1489 என்றால் பி.பி.சி., 455 ஸ்லாக், 16415 இரண்டும் கலந்தது. தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் கூரைக்குப் போடாதீர்கள். தரையிலிருந்து பலகை போட்டு, சுவரை விட்டு ஓரடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். கட்டியாகிப் போன ஒரு மூட்டை என்பது வீணான 26 கிலோ புகை.

சிமெண்ட் எங்கே அதிகமாக வீணாகிறது என்று கேட்டால் தண்ணீர் வாளியில்தான் என்பேன். கலவை இறுக்கமாக இருந்தால் சித்தாள் இன்னும் அரை வாளி ஊற்றுவார். தளர்ந்துவிட்டதே என்று இன்னும் கொஞ்சம் சிமெண்ட் போடுவார்கள். எம்20 என்ற கான்கிரீட் கலவையில் ஒரு மூட்டைக்கு மணலும் ஜல்லியும் சேர்ந்து 250 கிலோ, தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. அது 38 ஆனால் நான்கில் ஒரு பங்கு வலு போய்விடும். நான் ஒரு பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் 15 லிட்டருக்கு வெளியே கோடு போட்டு, "ரெண்டு வாளி, அவ்வளவுதான்ணே" என்று மேஸ்திரியிடம் கொடுத்தேன். எம்-சாண்ட் நனைந்திருந்தால் அதிலேயே மூட்டைக்கு நான்கு லிட்டர் வரை தண்ணீர் இருக்கும், அதைக் கழித்துவிட வேண்டும். கலவை ஓட மாட்டேன் என்கிறது என்றால் தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் திரவத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குக் கலக்கலாம். மேஸ்திரி ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கூரை போட்ட அன்று தேன்கூடு மாதிரி ஓட்டை எதுவும் விழாமல் அடிப்பக்கம் வழவழவென்று வந்ததைப் பார்த்த பிறகு அவரே வாளியைப் பத்திரப்படுத்தினார்.

பூச்சு வேலையிலும் நிறையப் போகிறது. உட்சுவருக்கு 12 மில்லிமீட்டர் போதும். செங்கல் கோணலாக அடுக்கியிருந்தால் அதைச் சமன் செய்யவே 20, 25 என்று ஏறிவிடும். தூக்குக்குண்டு பிடித்து நேராகக் கட்டுகிற கொத்தனாருக்கு நாள் கூலி ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் அது லாபம்தான். கலவையை அரை மணிக்குள் தீரும் அளவுக்கே போடச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன் போட்ட பெரிய கலவை பாதி கெட்டுப்போகும். கம்பியும் கான்கிரீட்டும் எவ்வளவு தேவை என்பதை இன்ஜினியர் வரைபடம் சொல்லட்டும். "இருக்கட்டும்மா, ரெண்டு இஞ்சு கூடப் போட்டுக்கலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். ரெடிமிக்ஸ் வாங்கினால் ஸ்லாக் கலந்த கலவை வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், லாரி வந்த பிறகு சொல்லிப் பயன் இல்லை.

ஸ்லாக் சிமெண்ட் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்கிரீட்டை எப்போதாவது உடைத்துப் பார்த்தால் உள்ளே நீலப்பச்சையாக இருக்கும். பயந்து யாரையும் திட்ட வேண்டாம், ஸ்லாகின் இயல்பு அது. காற்றுப் பட்டால் போய்விடும்.

ஜெயங்கொண்டத்துச் சிமெண்ட் கடையில் ஐ.எஸ். 18189 இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளிச்சுவர் பூச்சுக்கு மூட்டை எடுக்கப் போனபோது மறுபடி கேட்டேன். "கம்பெனி ஆள் வந்தப்ப உங்க சீட்டைக் காட்டினேன்ம்மா. எத்தனை மூட்டை ஓடும்னு கேட்டுட்டுப் போயிருக்காரு" என்றார். நீங்களும் உங்கள் ஊர்க் கடையில் அந்த எண்ணை எழுதிக் கொடுத்து வையுங்கள்.